கண் திறந்திருக்கிறது, நினைவு திரும்பிவிட்டதா? தலைக்காயத்துக்குப் பின்னான நனவு நிலைகள் பற்றி ஓர் இழை

2025 ஜூன் 8, இரவு 9.40 (வாசகர் ஒருவரின் கேள்வி)

என் தந்தைக்கு வயது 54. மார்ச் மாதம் இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. மூன்று வாரம் கண் மூடிக் கிடந்தார். பிறகு கண் திறந்தார். இப்போது வீட்டில் இருக்கிறார். பகலில் விழிக்கிறார், இரவில் உறங்குகிறார், கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. மருத்துவர் "இது கோமா இல்லை, ஆனால் நினைவும் இல்லை" என்கிறார். இப்படிக் கிடப்பவர்களில் நால்வரில் ஒருவருக்கு உள்ளே நினைவு இருக்கிறது என்று செய்தியில் படித்தேன். அம்மா அதையே பிடித்துக்கொண்டு தினமும் கேட்கிறார். அந்தச் செய்தி உண்மையா?

ஜூன் 8, இரவு 11.15

உண்மைதான். நான் மருத்துவன் அல்லன். கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். 2012-இல் என் தம்பி இதே நிலையில் ஏழு வாரம் கிடந்ததால் படிக்கத் தொடங்கினேன், இன்னும் நிறுத்தவில்லை.

மருத்துவர் சொன்னது சரி. கோமாவில் கண் திறக்காது, அந்த நிலை சில வாரங்களுக்கு மேல் நீடிப்பது அரிது. அதற்குப் பிறகு உயிர் போகும், அல்லது நினைவு திரும்பும், அல்லது உங்கள் தந்தைக்கு நேர்ந்ததுபோல் கண் மட்டும் திறக்கும். மூளைத்தண்டும் அதை ஒட்டிய பகுதிகளும் தேறிவிட்டால் உறக்கமும் விழிப்பும் முறை மாறாமல் வந்துவிடும். ஆனால் விழித்திருப்பது வேறு, தெரிந்திருப்பது வேறு. இதைத் தாவர நிலை என்பார்கள். அந்தச் சொல் வீட்டாரைப் புண்படுத்துகிறது என்பதால் 2010-இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழு ஒன்று "பதில்வினையற்ற விழிப்பு நிலை" என்று மாற்றுப் பெயர் வைத்தது. மூளைச்சாவு இவற்றில் சேராது. அது சட்டப்படியே இறப்பு.

நீங்கள் படித்த செய்தி 2024 ஆகஸ்டில் வந்த ஆய்வு பற்றியது. ஆறு மையங்களில் 353 பேரைச் சோதித்தார்கள். அவர்களுள் 241 பேர் படுக்கையருகே எந்தக் கட்டளைக்கும் இணங்காதவர்கள். "கையைத் திறந்து மூடுவதாக மனத்தில் நினையுங்கள்" என்பது போன்ற கட்டளைகளைச் சொல்லி மூளையின் செயல்பாட்டைப் படமெடுத்தபோது, அந்த 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளைக்கேற்ப இயங்கியது. ஆகவே உங்கள் தந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று அம்மாவிடம் சொல்லலாம்.

ஜூன் 9, காலை 6.05

முந்தைய குறிப்பின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். இரவில் எழுதினால் கூட்டல் சரியாக வரும், பொருள் தவறிவிடும்.

அந்த 241 பேர் ஊரெங்குமிருந்து எழுந்தமானமாக எடுக்கப்பட்டவர்கள் அல்லர். பெரிய ஆராய்ச்சி மையங்களை எட்டியவர்கள், பலர் காயம்பட்டுப் பல மாதங்கள் தாண்டிப் பிழைத்திருந்தவர்கள். அந்த விகிதத்தை ஒரு தனி மனிதரின் தலையில் வைக்கக் கூடாது.

செய்தித்தாள்கள் பெரும்பாலும் விட்டுவிட்ட இன்னொரு எண்ணும் அதே ஆய்வில் உண்டு. படுக்கையருகே கட்டளைக்கு இணங்கிய 112 பேரையும் அதே கருவிச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். 43 பேர்தான் தேறினார்கள். கண்ணெதிரே விரலை அசைத்துக் காட்டியவர்களில் 69 பேருக்குக் கருவி ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தது. சோதனையில் ஒருவர் தேறினால் அதற்குப் பொருள் உண்டு; தேறாவிட்டால் எதையும் முடிவு கட்ட முடியாது. நான் இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொண்டது நால்வரில் ஒருவர் என்பதை அன்று, இதைத்தான்.

ஜூன் 9, இரவு 10.30

"அப்படியானால் படுக்கையருகே பார்ப்பதை நம்பலாமா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். யார் பார்க்கிறார், எத்தனை முறை பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது.

கிளாஸ்கோ மருத்துவர் ஜென்னட்டும் நியூயார்க் மருத்துவர் பிளம்மும் 1972-இல் தாவர நிலைக்கு அந்தப் பெயரை வைத்தபோது, விழிப்பு உண்டு, நனவு இல்லை என்று ஒரே கோடாகப் போட்டார்கள். கோட்டின் மேலேயே நிற்பவர்களுக்கு, அதாவது ஒருநாள் கையை அழுத்தி மறுநாள் அழுத்தாதவர்களுக்கு, 30 ஆண்டுகள் பெயரே இல்லை. 2002-இல்தான் அமெரிக்க ஆய்வாளர் ஜியாசினோவும் உடனிருந்தவர்களும் "குறைந்தபட்ச நனவு நிலை" என்பதை வரையறுத்தார்கள். அந்த நிலையின் அடையாளமே மாறி மாறி வருவதுதான். கண்ணால் ஒரு பொருளைத் தொடர்ந்து பார்ப்பதும், எப்போதாவது ஒரு கட்டளைக்கு இணங்குவதும், சூழலுக்குப் பொருந்த அழுவதும் சிரிப்பதும் அதில் அடங்கும். இவற்றை முறையாகப் பார்ப்பதற்கென்றே கேட்டல், பார்த்தல், அசைவு, வாய், தொடர்பு, விழிப்பு என ஆறு பகுதிகளும் 23 புள்ளிகளும் கொண்ட அளவுகோல் ஒன்று 2004-இல் செப்பம் பெற்றது.

2009-இல் பெல்ஜியத்தில் அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, மருத்துவக் குழு தாவர நிலை என்று ஒருமித்து எழுதிய 44 பேரில் 18 பேருக்கு நனவின் அடையாளங்கள் இருந்தன. கிட்டத்தட்ட 41 விழுக்காடு. வங்கியில் நூற்றுக்கு 41 பற்றுச்சீட்டு தவறாக இருந்தால் கிளையை மூடிவிடுவார்கள். 2017-இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது: அளவுகோலே கையில் இருந்தாலும் ஒரே ஒருமுறை பார்த்தால் மூவரில் ஒருவருக்கு மேல் தவறிவிடும், குறுகிய காலத்துக்குள் ஐந்து முறையேனும் பார்க்க வேண்டும்.

தவறு நேர்வதற்கான காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. வலிப்பு மருந்தும் தூக்க மருந்தும் மந்தமாக்கும். நுரையீரலிலோ சிறுநீரிலோ தொற்று இருந்தால் அந்த வாரம் முழுவதும் வீண். தலையில் நீர் கோத்திருக்கலாம். அடிபட்டதில் காது கேளாமல் போயிருக்கலாம். கை விறைத்துப் போனவரிடம் "கையை அழுத்துங்கள்" என்று கேட்டுப் பயனில்லை.

மொழியையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். என் தம்பி பட்டுக்கோட்டையிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவனைச் சேர்த்திருந்த தனியார் மருத்துவமனையில் ஒவ்வொரு காலையும் ஓர் இளம் மருத்துவர் வந்து ஆங்கிலத்தில் கண்ணை மூடு என்பார், பிறகு கன்னடத்தில் கையைத் தூக்கு என்பார், பதில் இல்லை என்று எழுதிவிட்டுப் போவார். தம்பி நன்றாக இருந்த காலத்திலேயே அந்த இரண்டு மொழியிலும் எதைச் சொன்னாலும் அவனுக்குப் புரியாது. எனக்கே இது ஒன்பதாம் நாள்தான் உறைத்தது.

ஜூன் 10, பகல் 1.20

உங்கள் தந்தையிடம் இன்றே செய்து பார்க்கக்கூடிய ஒன்று: முகம் பார்க்கும் கண்ணாடி.

என் தம்பிக்குத் தாடி மண்டிவிட்டதென்று அம்மா ஒரு முடிதிருத்துபவரை அறைக்கே வரவழைத்தார். அவர் பழக்கதோஷத்தில், மழித்து முடித்ததும் கைக்கண்ணாடியை எடுத்துத் தம்பியின் முகத்துக்கு நேரே பிடித்து "சரியா இருக்கா தம்பி?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் கண்ணாடியை விலக்கியபோது தம்பியின் கண் அதன் பின்னாலேயே போனது. அவர் மறுபக்கம் கொண்டு போனார்; கண்ணும் போனது. எங்கள் குடும்பத்தில் அவன் திரும்பி வந்த நாள் என்றால் அதுதான்.

2008-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துக் குழு இதையே ஆய்ந்து வெளியிட்டிருந்ததைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். விரலுக்கும் பந்துக்கும் விளக்குக்கும் அசையாத கண், தன் முகம் தெரியும் கண்ணாடிக்கு அசைவதுண்டு. பொருளுக்குப் பதிலாக ஆளே நடந்து போனாலும் கண்ணாடிக்குத்தான் பலன் அதிகம். குறைந்தபட்ச நனவு நிலைக்கு முதலில் தெரியும் அடையாளங்களுள் இந்தக் கண் தொடர்தலும் ஒன்று.

செய்யும் முறை: காலையில், குளிப்பாட்டிச் சற்று நேரம் கழித்து, தலையணையை உயர்த்தி உட்கார வைத்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அரையடி தள்ளிக் கண்ணாடியைப் பிடித்து, மெதுவாக இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் நகர்த்துங்கள். நீங்கள் பேசாதீர்கள். நகர்த்துபவர் ஒருவர், கண்ணைப் பார்த்து எழுதுபவர் இன்னொருவர்.

ஜூன் 11, இரவு 9.00

கருவிகளைப் பற்றிக் குறைத்துச் சொல்கிறேன் என்று ஒருவருக்கு மனக்குறை. அப்படி ஒன்றுமில்லை, 2006-இல் வந்த ஆய்வுக் கட்டுரையை நான் எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. இங்கிலாந்தில் சாலை விபத்தில் அடிபட்ட 23 வயதுப் பெண், ஐந்து மாதம் கழித்தும் எதற்கும் பதில் இல்லாமல் கிடந்தார். ஏட்ரியன் ஓவன் என்ற ஆய்வாளரின் குழு அவரைப் படக்கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினையுங்கள் என்றும் உங்கள் வீட்டின் அறைகளுக்குள் நடப்பதாக நினையுங்கள் என்றும் மாறி மாறிச் சொன்னது. ஆட்டத்தை நினைத்தால் அசைவைத் திட்டமிடும் பகுதியும், வீட்டை நினைத்தால் இடத்தை அறியும் பகுதியும், நலமாக இருக்கும் எவருக்கும்போல, இயங்கின. 2010-இல் 54 பேரிடம் இதே முறையில் பார்த்தபோது ஐவருக்கு இது முடிந்தது; அந்த ஐவரில் ஒருவர் "ஆம்" என்றால் டென்னிஸ், "இல்லை" என்றால் வீடு என்று வைத்துக்கொண்டு கேள்விகளுக்கே பதில் சொன்னார். (நம்மூர்க்காரரை டென்னிஸ் ஆடச் சொன்னால் என்ன ஆகும் என்று என் மைத்துனர் கேட்டார். கபடி என்று சொன்னால் போயிற்று.)

ஆனால் கருவியும் ஏமாறும். 2009-இல் பென்னட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் கடையில் வாங்கிய செத்த சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று மீனிடம் கேட்டார்கள். பல ஆயிரம் புள்ளிகளை ஒரே சமயத்தில் ஒப்பிடும்போது, தற்செயலாகத் தெரிபவற்றைக் கழிக்கச் செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டால், மீனின் மூளையில் செயல்பாடு தெரிந்தது. திருத்தினால் மறைந்தது. 2012-இல் நகைப்புக்குரிய ஆய்வுகளுக்கான இக் நோபல் கிடைத்தது. என் கணக்கில் அது தணிக்கைக்கான பரிசு.

2011-இல் தலையில் மின்முனை ஒட்டிப் பார்க்கும் இஇஜி வழியாகவே, தாவர நிலையில் இருந்த 16 பேரில் மூவர் கட்டளைக்கு இணங்குகிறார்கள் என்று ஒரு கட்டுரை வந்தது. 2013-இல் வேறொரு குழு அதே தரவுகளை வாங்கி மறுபடி கணக்கிட்டு, அந்த முடிவு நிற்காது என்றது. முதல் குழு மறுத்தது. சண்டை போட்டாலும் தரவுகளைக் கொடுத்தார்களே, அதை மதிக்கிறேன்.

பின்னர் 2019-இல் நியூயார்க்கில் மூளைக்காயம் பட்ட சில நாள்களுக்குள்ளேயே 104 பேரை இஇஜி வழியாகப் பார்த்தார்கள். 16 பேரின் மூளை கட்டளைக்கு இணங்கியது. ஓராண்டு கழித்து, பகலில் எட்டு மணி நேரம் துணையின்றி இருக்கும் அளவுக்குத் தேறியவர்கள் அந்தப் பிரிவில் 44 விழுக்காடு, மற்றவர்களில் 14 விழுக்காடு. எண்ணிக்கை சிறிதுதான். ஆனாலும் ஒரு சோதனை அடுத்த ஆண்டைப் பற்றி ஏதோ சொல்கிறது என்றால் அதைத் தள்ளிவிட முடியாது.

ஜூன் 12, காலை 7.10

நேற்று இரவு அக்கா தொலைபேசியில் அழைத்தார். கண்ணாடிக் கதையைப் படித்துவிட்டாராம். "அந்த ஆள் வந்து மழித்தது, அவன் கட்டைவிரலை அசைத்ததற்கு அப்புறம்தானே?" என்று கேட்டார். இல்லை என்று வாதாடிவிட்டுப் பரணிலிருந்து அந்தக் காலத்து நோட்டை இறக்கினேன்.

அக்கா சொன்னதுதான் சரி. 44-ஆம் நாள் மாலை ஐந்தரை மணிக்கு, அம்மா தமிழில் கேட்டபோது, இடது கட்டைவிரல் இரண்டு முறை அசைந்ததாக என் கையெழுத்தில் இருக்கிறது. முடிதிருத்துபவர் 47-ஆம் நாள். 13 ஆண்டுகளாக நான் ஊரெல்லாம் சொல்லி வந்த வரிசை தலைகீழ். கண்ணாடி ஆய்வைப் படித்த பிறகு என் நினைவே கணக்கைத் திருத்தி எழுதிவிட்டது போலும். ஆய்வு ஆய்வாகவே நிற்கிறது. என் தம்பியை அதற்குச் சாட்சியாக நிறுத்தியதுதான் பொய்.

ஜூன் 12, இரவு 10.45

அருணா ஷான்பாக் பற்றி இருவர் கேட்டதால் எழுதுகிறேன். மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர். 1973 நவம்பர் 27 அன்று பணியிடத்திலேயே தாக்கப்பட்டு, கழுத்து நெரிக்கப்பட்டு, மூளைக்கு உயிர்வாயு போகாமல் அந்த நிலைக்கு ஆளானார். 2015 மே 18-இல் இறக்கும்வரை, 41 ஆண்டுகளுக்கு மேல், அதே மருத்துவமனையின் செவிலியர்கள் அவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

2011 மார்ச் 7-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வாசித்தால் அதற்குள் இரண்டு குரல்கள் கேட்கும். நீதிமன்றம் அமர்த்திய மூன்று மருத்துவர்கள் நேரில் பார்த்துவிட்டு, நிரந்தரத் தாவர நிலைக்கான பெரும்பாலான அளவுகோல்களுக்கு அவர் பொருந்துகிறார் என்றார்கள். மருத்துவமனை தரப்பில் கொடுத்த அறிக்கையோ, அவர் உணவை ஏற்று முகபாவத்தால் பதில் காட்டுகிறார், சில நேரம் சொல்வதற்கு ஒலியெழுப்பிப் பதில் தருகிறார், இயற்கை உபாதைக்கு எழுப்பும் ஒலியைச் செவிலியர்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்றது. உணவை நிறுத்த அனுமதி கேட்ட மனுவைத் தள்ளியபோது, அவருடைய உறவாகக் கொள்ளத் தக்கவர்கள் அந்த ஊழியர்களே என்றது நீதிமன்றம். கடுமையான நிபந்தனைகளோடு, பொதுவாக உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ள வழி திறந்ததும் அதே தீர்ப்புதான். 2018 மார்ச் 9-இல் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது, 2023-இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது.

சில நேரம் சொல்வதற்குப் பதில் தருகிறார் என்ற அந்த ஒரு வரி மெய்யென்றால், 2002 வரையறைப்படி அது தாவர நிலை ஆகாது.

ஜூன் 13, காலை 6.30

மேலே உள்ள கடைசி வாக்கியத்தை அழிக்கவில்லை, ஆனால் அதன்மேல் ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். நேரில் பார்க்காத ஒருவருக்குத் தீர்ப்பின் பக்கத்தை வைத்து நோயறிதல் எழுதிவிட்டேன். ஒருமுறை பார்த்து எழுதுபவர்களைத்தான் முந்தாநாள்வரை குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றாடம் தொட்டுக் குளிப்பாட்டியவர்கள் கண்டதும் சோதனைக்கு வந்தவர்கள் கண்டதும் வெவ்வேறாக இருந்தன என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல உரிமையில்லை. வீட்டார் காண்பது எல்லாமே மெய் என்றும் ஆகாது. கொட்டாவியையும் முனகலையும் கை இறுகுவதையும் பதில் என்று என் அம்மா 20 நாள் நம்பினார். குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் பற்றிக்கொள்ளுமே, அந்த அனிச்சை மூளைக்காயத்தில் திரும்பி வரும். "அழுத்து" என்று கேட்டு அழுத்தினால் மட்டும் போதாது. "விடு" என்று கேட்டு விட வேண்டும்.

ஜூன் 14, இரவு 8.15

"பொய்யான நம்பிக்கை கொடுக்கிறீர்கள்" என்று ஒருவர் கடிந்திருக்கிறார். அவருடைய கோபத்துக்குப் பின்னால் யாரோ இருந்திருக்க வேண்டும், ஆகவே எண்களை மட்டும் வைக்கிறேன்.

1994-இல் அமெரிக்காவில் பல சங்கங்கள் கூடி, தலைக்காயம் என்றால் 12 மாதம், மாரடைப்பு போன்றவற்றால் மூளைக்கு உயிர்வாயு தடைபட்டது என்றால் மூன்று மாதம், அதற்கு மேல் தாவர நிலை நிரந்தரம் என்று எல்லை போட்டன. 2018-இல் அதே நாட்டு நரம்பியல் சங்கத்தின் நெறிமுறை "நிரந்தரம்" என்ற சொல்லைக் கைவிட்டு "நாட்பட்ட" என்று மாற்றியது; கெடு தாண்டியும் சிலர் நனவு பெற்றார்கள் என்பதே காரணம். ஆனால் அப்படிப் பெற்றவர்களில் பெரும்பாலோர் அன்றாடத்துக்குப் பிறர் கையை எதிர்பார்த்தே இருந்தார்கள் என்பதையும் அதே நெறிமுறை சொல்கிறது.

2021-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், கடுமையான அடிபட்டு இரண்டாம் வாரத்தில் தாவர நிலையில் இருந்த 79 பேரில் 62 பேர் ஓராண்டுக்குள் நனவு பெற்றார்கள். நாள், இடம், ஆள் தெரியும் அளவுக்குத் தெளிந்தவர்கள், விவரம் கிடைத்த 56 பேரில் 14 பேர் மட்டுமே. இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னொன்று: கனடாவின் ஆறு மையங்களில் தலையில் கடுமையாக அடிபட்ட 720 பேரைப் பார்த்த 2011 ஆய்வில், இறப்புகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு சிகிச்சையை விலக்கிக்கொண்டதைத் தொடர்ந்தவை, அவற்றில் பாதி முதல் மூன்று நாளுக்குள். தேறமாட்டார் என்று நிறுத்திவிட்டால் அந்தக் கணிப்பு ஒருபோதும் பொய்க்காது.

என் தம்பி இன்று அக்காவுடன் இருக்கிறான். வலக்காலைச் சற்றே இழுத்து நடப்பான். காலையில் சொன்னது மாலையில் நினைவிருக்காது. முன்பு கோபமே வராதவன், இப்போது சோற்றுத் தட்டை எறிகிறான். மணமுறிவு ஆயிற்று. "தேறிவிட்டான்" என்று நான் எழுதும்போது இவை எல்லாம் அதற்குள் அடக்கம். அவனுக்கு அந்த ஏழு வாரம் நினைவில் இல்லை. கண்ணாடியும் நினைவில் இல்லை.

ஜூன் 15, காலை 11.00

மருந்து பற்றிக் கேட்டவருக்கு: அமன்டடைன் என்ற பழைய மருந்து ஒன்றுக்குத்தான் உறுதியான சான்று உண்டு. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுப்பது. 2012-இல் தலைக்காயம் பட்டு நான்கு முதல் 16 வாரம் ஆன 184 பேரிடம் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட விரைவாகத் தேறினார்கள், நிறுத்தியதும் வேகம் குறைந்தது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை சிலரை எழுப்புகிறது என்பதும் உண்மையே, வேடிக்கையும்கூட; ஆனால் 2014-இல் 84 பேரிடம் பார்த்தபோது நால்வருக்கே பலன் தெரிந்தது. வலிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அமன்டடைனிலேயே கவனம் வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள், நரம்பியல் மருத்துவரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஜூன் 21, இரவு 9.20

கேள்வி கேட்ட சகோதரி ஆறு நாள் கண்ணாடிக் குறிப்பை அனுப்பியிருக்கிறார். நான்கு நாள் ஒன்றுமில்லை. வியாழன் காலை இடமிருந்து வலமாக இரண்டு முறை கண் தொடர்ந்ததாகவும், ஞாயிறு பகல் ஒருமுறை தொடர்ந்ததாகவும் எழுதியிருக்கிறார். அம்மா அழுதுவிட்டாராம், மருத்துவர் அளவுகோல் வைத்து முறையாகப் பார்க்க வருகிறேன் என்றாராம்.

ஞாயிறு குறிப்பை ஏற்க எனக்குத் தயக்கம். நேரம் 11.40 என்று இருக்கிறது, ஆனால் கண்ணைப் பார்த்து எழுதியவர் யார் என்ற கட்டம் காலி. கண்ணாடியைப் பிடித்தவரே எழுதினாரா? வியாழக்கிழமை வலிப்பு மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? நான்கு வெற்று நாள்களில் காய்ச்சல் இருந்ததா? இவற்றைச் சேர்த்து எழுதி, மருத்துவர் வரும் நாளுக்குள் இன்னும் ஐந்து முறை, அதே நேரத்தில், பாருங்கள். முடிந்தால் கைபேசியில் படமெடுங்கள், கண்ணாடியின் விளிம்பும் தந்தையின் கண்ணும் ஒரே சட்டத்துக்குள் வருமாறு.